கூரைக்கு மேலே போன வெளிச்சம்

மாலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு மின்சாரம் போனது. மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்த நான் முதலில் பார்த்தது மலையில் ஒரு வெள்ளை வெளிச்சம்.

கொல்லிமலையின் மேற்குச் சரிவு எங்கள் வீட்டுக்குக் கிழக்கே சுவர்போல நிற்கிறது. பொழுது சாய்ந்து வெளிச்சம் போனதும் அது முழுக்கக் கறுத்துவிடும். அதன் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிகளின் விளக்கு, வளைவில் திரும்பும்போது மட்டும் ஒரு நொடி எங்கள் பக்கம் மின்னிவிட்டு மறையும். பிறகு அடுத்த வளைவு வரும்வரை ஒன்றும் தெரியாது. இந்த வெளிச்சம் மறையவில்லை. சரிவின் நடுவில், கொஞ்சம் தெற்கே தள்ளி, ஒரே இடத்தில் இருந்தது.

பக்கத்துக் கோழிப்பண்ணை அடங்கிவிட்டது. மின்சாரம் போனால் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒன்றாக வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதிக்கு எங்களுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

மனைவி வாசலில் நின்று மலையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, தம்பி லைட்டு தெரியுது பாருங்க. இன்னைக்காச்சும் அடிச்சானே மவராசன்" என்றவள் உலை வைக்க உள்ளே திரும்பினாள்.

மாடிப்படியில் என் பின்னால் வந்து நின்ற மகள் கீழே குனிந்து சொன்னாள்: "அது மாமாவா இருக்கக் கூடாதும்மா."

"வாயில நல்ல வார்த்தையே வராதா அம்மணி உனக்கு?" என்றாள் மனைவி நிலைப்படியிலிருந்தே.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைச் சொல்ல ஒரு வாரம் பின்னால் போக வேண்டும்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த வீட்டில் இருக்கிறான், சாப்பாடு எங்கள் வீட்டில். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து மலையிலிருந்து அன்னாசி, வாழைத்தார், பலா இறக்குகிறான். எங்கள் ஊரில் மலைக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறங்கி வரும்போது ஊர் கண்ணில் படும் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தாமல் விளக்கை இரண்டு முறை டிம் அடிப்பார்கள். ஊரில் அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து உலை வைப்பார்கள். சோறு வடிக்கும் நேரத்துக்கு வண்டி வாசலில் நிற்கும். செல்போன் வந்த பிறகும் இது நிற்கவில்லை. அந்தச் சரிவில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. தவிர, ஒவ்வொரு வீட்டுக்கும் தன் வண்டியின் டிம் தெரியும். ஒருவன் விட்டுவிட்டு அடிப்பான், ஒருவன் படபடவென்று அடிப்பான்.

அந்த மாதத் தொடக்கத்தில் மைத்துனன் நாமக்கல்லில் லாரிப் பட்டறைப் பக்கம் போய் வண்டியின் பழைய மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெள்ளை விளக்கு மாட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, இது பழசவிட எச்சா தூரம் அடிக்குமுங்க. பனியக் கிழிச்சுக்கிட்டுப் போவும்" என்றான்.

அன்றிலிருந்து அவன் டிம் எங்களுக்குத் தெரியவில்லை. வண்டி சொல்லாமல் கொள்ளாமல் இருட்டுக்குள்ளிருந்து வாசலில் வந்து நிற்கும். உலை கொதித்திருக்காது. அக்காவுக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை.

"பொய்யி சொல்றான். அடிக்கறதே இல்ல."

"ரெண்டு தடவ அடிச்சேன்க்கா. உனக்குக் கண்ணு போயிருச்சு. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஆபரேசன் பண்ணோணும்."

"முதல்ல உனக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டோணும். அப்பறம் அவ பாத்துக்கட்டும் உன்ற லைட்ட."

இந்த நேரத்தில்தான் மகள் வந்தாள். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வானியல் படிக்கிறாள். ஆய்வேட்டை எழுதி முடிக்க இரண்டு வாரம் விடுப்பில் வந்திருந்தாள். நான் முப்பது ஆண்டு பத்திரிகை மேசையில் இருந்தவன். யார் எதைச் சொன்னாலும் முதல் பத்தியில் சொல்லச் சொல்வேன். அவளிடமும் அப்படியே கேட்டேன்.

"செத்துப்போன ரெண்டு நட்சத்திரம் ஒன்ன ஒன்னு சுத்தி வந்து கடைசில மோதிக்குதுங்கப்பா. அப்ப காமா கதிர் வெடிக்குது. ரெண்டு நொடிகூட இருக்காது. அதுக்குள்ள, சூரியன் அது ஆயுசு முழுக்கக் கொடுக்கற சக்திய விட எச்சாக்கூட வெளிய வந்துருச்சுன்னு கணக்கு வரும். அந்தக் கணக்கு சரியாங்கறதுதான் கேள்வி."

"ஏன் தப்பாகும்?"

"அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிக்குதுன்னு வெச்சா அவ்வளவு சக்தி வேணும். குறுகலான தாரையா ஒரு பக்கமும் அதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் மட்டும் அடிச்சா கொஞ்சமே போதும். நமக்கு ரெண்டும் ஒரே வெளிச்சமாத்தான் தெரியும். நாம ஒரே இடத்துல இருந்து பாக்கறோமில்ல."

எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டேன். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். வெடிப்பு முடிந்தபின் அந்த இடத்தில் மங்கலாக ஓர் ஒளி தங்கி, நாளாக நாளாகக் குறையும். தாரை வேகம் இழக்கும்போது அந்த ஒளி விரியும். தாரை குறுகலாக இருந்தால் ஒரு கட்டத்தில் அதன் ஓரம் தெரிந்துவிடும். அதன் பிறகு ஒளி சட்டென்று வேகமாக விழும். வரைபடத்தில் கோடு அந்த இடத்தில் மடியும். மடிப்பு எப்போது வருகிறது என்பதைப் பார்த்து அகலத்தைக் கணக்கிடலாம். இரண்டு நொடிக்கு மேல் நீடிக்கும் நெடுநேர வெடிப்புகளில் இந்த மடிப்பைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அவள் ஆராயும் குறுநேர வெடிப்புகளின் ஒளியோ ஆரம்பத்திலேயே மிக மங்கல். மடிப்பு வரும்வரை பெரும்பாலும் தொலைநோக்கிக்கு எட்டுவதில்லை. சிலவற்றில் மடிப்பு தெரிகிறது. பலவற்றில் தெரிவதற்குள் ஒளியே தீர்ந்துவிடுகிறது. அதனால் எல்லாமே குறுகலா, சில அகலமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் ஆராயும் வெடிப்பின் வரைபடத்தில் சில புள்ளிகள் இறங்கி வந்தன. கடைசியில் புள்ளி இல்லை. கீழ் நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தது.

"இது என்ன?"

"பாத்தோம், தெரியலன்னு அர்த்தம். இதுக்கு மேல வெளிச்சம் இல்ல. கீழ எவ்வளவுன்னு தெரியாது."

பார்த்தோம், தெரியவில்லை என்பதை நாங்கள் ஒருநாளும் அச்சில் போட்டதில்லை. அவர்கள் அதற்கென்று ஒரு குறி வைத்திருந்தார்கள்.

"குறுகல்தான்னா, நம்ம பக்கம் திரும்பாத வெடிப்பெல்லாம்?"

"அது பாட்டுக்கு நடக்குது. தாரை எவ்வளவு குறுகலோ அவ்வளவு தப்பிப் போகும். நாம ஒன்னு பாத்தா நூறு பாக்காம விட்டிருப்போம்."

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிர்ந்தாள். "நம்ம மேல பட்டா என்ன சாமி ஆகும்?"

"ரொம்பக் கிட்டத்துல நடந்தாத்தான் ஆபத்தும்மா. அதெல்லாம் நடக்காது."

"நடந்தா?"

"முன்கூட்டித் தெரியாது. வெளிச்சம் வந்து சேர்றதுதான் முதல் சேதி."

மனைவி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

டிம் சண்டையைக் கேட்டதும் மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனுடன் மலைக்குப் போனாள். இருட்டியதும் அந்த வளைவில் நின்று எனக்குப் போன் செய்தாள். அங்கே சிக்னல் உண்டு. நான் மாடியில் நின்றேன்.

"இப்ப மாமா டிம் அடிக்கறாரு. தெரியுதாப்பா?"

"இல்லை."

"இப்ப மூக்க நேரா ஊரப் பாத்துத் திருப்பியிருக்கறோம். முழு வெளிச்சம்."

"இல்லை."

அதே வளைவில் அவர்களைக் கடந்து இறங்கிய ஒரு பழைய டெம்போவின் மஞ்சள் விளக்கு எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணில் கோளாறு இல்லை. முன்னே நகர்த்தினார்கள், பின்னே நகர்த்தினார்கள், அடுத்த இரண்டு வளைவுகளிலும் முயன்றார்கள். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் போனில் மைத்துனன் சிரிப்பது கேட்டது. "வண்டியக் குப்புற நிறுத்தினாத்தான் உங்கம்மாளுக்குத் தெரியும் அம்மணி."

வீடு வந்ததும் மகள் விளக்கினாள். பழைய விளக்கு நாலாபக்கமும் சிதறும், அதில் கொஞ்சம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. புதியது சிதறாது. மலை உயரத்தில் வண்டி சமமாக நிற்கும்போது ஒளி நேராகப் போகிறது. நாங்களோ கீழே இருக்கிறோம்.

"மாமா பொய் சொல்லலம்மா. தினமும் அடிச்சிருக்காரு. அது நம்ம ஊட்டுக் கூரைக்கு மேல போயிருக்குது."

மைத்துனன், "கேட்டுக்க" என்று அக்காவைப் பார்த்தான். அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் இறங்கும் நேரத்தில் அவள் வாசலுக்கு வந்து வீட்டுக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தைப் பார்ப்பதைக் கவனித்தேன். ஒருமுறை, தூறல் விழுகிறதா என்று பார்ப்பதுபோல உள்ளங்கையை நீட்டிப் பிடித்திருந்தாள். எனக்கும் அந்த நேரத்தில், அவன் வெளிச்சத்துக்குக் குறுக்கே போய் நிற்பதுபோல, மாடிக்குப் போகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இப்போது அந்த வெளிச்சத்துக்கு வருகிறேன்.

மகள் சொன்னது இதுதான். வெள்ளையாக இருக்கிறது, அதனால் மாமா வண்டியாக இருக்கலாம். மாமா வண்டி சாலையில் எங்கே எப்படி நின்றாலும் இங்கே தெரியாது என்று போன வாரம் பார்த்துவிட்டோம். தெரிகிறது என்றால் வண்டியின் மூக்கு நன்றாகக் கீழே சாய்ந்திருக்கிறது. அப்படிச் சாய்வதற்குச் சாலையில் இடம் இல்லை.

உலையை இறக்கிவைத்துவிட்டு மனைவி மாடிக்கு வந்தாள். மகள் சொன்னதை அவள் முழுக்கக் கேட்டாளா என்று தெரியவில்லை. "போன் போடுங்க" என்று மட்டும் சொன்னாள். போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையில் இருக்கும்போது பெரும்பாலும் அதைத்தான் சொல்லும்.

தொலைக்காட்சி ஆன்டெனா நட்டிருந்த பழைய கம்பி ஒன்று மாடியில் இருந்தது. சுவரோரம் தலையைச் சாய்த்து அந்தக் கம்பியின் நுனிக்கு நேராக வெளிச்சத்தை வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் தலையை வைத்துப் பார்த்தேன். மயிரளவும் நகரவில்லை. அதற்கு மேலும் கீழும் மற்ற வண்டிகளின் விளக்குகள் மின்னி மறைந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

அடிவாரத்தில் டீக்கடை வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்தவர். மலையில் என்ன நடந்தாலும் முதலில் அவர் காதுக்கு வரும். கூப்பிட்டேன்.

"மேல ஏதாச்சும் ஆக்சிடெண்டுன்னு சேதி வந்துதுங்களா?"

"இல்லீங்களே. இப்பத்தான் பஸ்ஸு இறங்குச்சு. டிரைவர் இங்கதான் டீ குடிச்சுட்டு இருக்கறாரு. இருங்க கேக்கறேன்." குரல் விலகித் திரும்பி வந்தது. "ரோடு சுத்தமா இருக்குதுங்கறாரு. ஒரு வண்டிகூட நிக்கலையாமுங்க."

அப்போதுதான் அந்த வழியாக வந்தவர் சொல்கிறார். என் பக்கத்தில் இருந்தது மைல்கணக்கில் தள்ளித் தெரியும் ஒரு புள்ளியும், அதை வைத்து மகள் போட்ட ஒரு கணக்கும். மேசையில் இருந்திருந்தால் பேருந்து ஓட்டுநர் சொன்னதைத்தான் எடுத்திருப்பேன். ஓட்டுநர் சொன்னதை மகளிடம் சொன்னேன்.

"ரோட்ல இருந்து தெரியாதுப்பா. அந்த வெளிச்சம் இங்கதான் வருது. பின்னாடி இருக்கறவங்களுக்கு அங்க வெறும் இருட்டு."

"உறுதியா?"

"இல்லப்பா. ஒரு புள்ளிதான் இருக்குது. தப்பா இருந்தாலும் இருக்கும்."

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ஏனுங்கண்ணா, நான்தான் பேசறேன். என்ற தம்பி வண்டி மேல கெடக்குதுங்க. யாராச்சும் போயிப் பாருங்க. ஒன்னுமில்லீன்னா என்னய நாலு வார்த்தை திட்டிப்போட்டு வாங்க. உங்க காலுல உளுந்து கும்பிட்டுக்கறேன்."

"அட, என்னம்மா பேச்சு இது. போறனுங்க" என்றார்.

இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். போனை அணைக்க வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். நடுநடுவே அறுந்தது, திரும்பக் கிடைத்தது. ஜீப்பின் விளக்கை அடிவாரத்திலிருந்தே கண்ணால் பிடித்துக்கொண்டேன். ஒரு மின்னல், பிறகு இருட்டு, பிறகு இன்னும் கொஞ்சம் மேலே ஒரு மின்னல். மனைவி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோழிகள் இன்னும் சத்தம் போடவில்லை. ஊர் முழுக்க இருட்டு. மலையில் அந்த ஒரு வெளிச்சம் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அந்தச் சொல் மிகை என்று எனக்குத் தெரியும். ஆனால் சாலையில் போகிற யாருக்கும் அது தெரியவில்லை என்பது உண்மை.

ஜீப்பின் மஞ்சள் மின்னல் ஒரு தடவை வெள்ளை வெளிச்சத்துக்கு நேர் மேலே வந்தது. உடனே மறைந்து மேலே ஏறியது.

"தாண்டிட்டீங்க" என்றேன்.

"இங்க ஒன்னுமே இல்லீங்களே."

"திரும்பி வாங்க. இப்பத் திரும்பினீங்களே, அந்த வளைவுதான். ரோட்டோர மதிலுக்குக் கீழ பாருங்க."

போன் அறுந்தது. மஞ்சள் விளக்கு இறங்கி வந்து ஒருமுறை மின்னி அணைந்தது. அதற்குப் பிறகு பார்ப்பதற்கு வெள்ளை வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. மூவரும் அதையே பார்த்தோம். திடீரென்று அது இல்லை. மனைவி ஒரு சத்தம் போட்டாள். அடுத்த கணம் திரும்ப இருந்தது. மறுபடி மறைந்தது, மறுபடி வந்தது.

"விளக்குக்குக் குறுக்க ஆள் நடக்கறாங்கம்மா" என்றாள் மகள். "ஆள் போய்ச் சேந்துட்டாங்க."

போன் வந்தபோது டீக்கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது. "உசுரு இருக்குதுங்க. பேசறாப்ல. காலுதான் மாட்டிக்கிச்சு."

மதில் இடிந்து கிடந்த ஒரு சந்தில் வண்டி இறங்கியிருந்தது. மேலிருந்து உருண்ட கல்லுக்கு ஒதுக்கியபோது சக்கரம் விளிம்பில் பிடி விட்டிருக்கிறது. முன்பக்கம் கீழே குத்தி, ஒரு மரத்தில் முட்டி நின்றது. பின்விளக்குகள் இரண்டும் உடைந்துபோயின. உண்ணிச்செடி அதன்மேல் மூடிக்கொண்டது. ஹாரன் வேலை செய்யவில்லை. அவனை வெளியே எடுக்க வெகுநேரம் பிடித்தது. நாமக்கல் மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தம் நிறையப் போயிருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர்.

மறுநாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மகளிடம் கேட்டேன். அவளுடைய வெடிப்பும் குறுகல்தான் என்று இனி எழுதிவிடலாமா என்று.

"மாமா லைட்டப் பத்தி எழுதலாம். அந்த வண்டியில நான் உக்காந்து பாத்திருக்கறேன்" என்றாள். "அங்க யாரும் போய்ப் பாக்கலையே. அம்புக்குறி அம்புக்குறியாத்தான் இருக்கும்."

மைத்துனனுக்கு அன்று மாலை பேச்சு தெளிந்தது. அக்கா ஊட்டிய கஞ்சியைக் குடித்துவிட்டு நடந்ததைக் கோர்வையாகச் சொன்னான். அவன் குரல் கொடுத்துக் கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது. அவன் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் சாலை இருந்தது. அவன் அங்கே கிடந்த நேரத்தில் இரண்டு பேருந்துகளும் ஒரு கல்யாண வேனும் பல மோட்டார் சைக்கிள்களும் அந்த வளைவில் திரும்பிப் போயின. வேனில் பாடிய பாட்டு அவனுக்குக் கேட்டது. இரண்டாவது பேருந்தின் நடத்துநர், வளைவில் திரும்பி முடித்ததும், போகலாம் என்று இரண்டு விசில் அடித்தார்.